கதை உத்திகளைக் கண்டுபிடித்துப் பெயர் வைப்பது எப்படி? சேலம், ஏற்காடு வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

கையில் காபி டம்ளரோடு மருமகள் கதவோரம் நிற்கிறாள். உள்ளே நடக்கும் பேச்சில் பாதியைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போகிறாள். இதைச் சொன்னதுமே மீதிக் கதையைச் சொல்லிவிடாத ஆள் ஊரில் இருக்க மாட்டார். ஆனால் இந்த உத்திக்கு என்ன பெயர், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வேறு எந்தக் கதைகளில் வருகிறது என்று எழுதி வைக்கச் சொன்னால் பலரும் முதல் பக்கத்திலேயே தடுமாறிவிடுவார்கள். வாசகர் வட்டத்துக்கோ, கல்லூரி ஆய்வேட்டுக்கோ, குறும்பட ஸ்கிரிப்டுக்கோ இப்படி ஒரு உத்திப் பட்டியல் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. சினிமா, சீரியல், பாக்கெட் நாவல், கூத்து, பாட்டி சொல்லும் கதை எதுவானாலும் முறை ஒன்றுதான்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடலாம். பெயர் கடைசியில்தான் வர வேண்டும். நன்றாகத் தொடங்கிய பட்டியல்கள் பாதியில் கெட்டுப்போவது பெரும்பாலும் பெயரை முதலில் வைத்துவிட்டு அதற்கு உதாரணம் தேடுவதால்தான். பெயர் கவர்ச்சியாக அமைந்துவிட்டால் பொருந்தாததெல்லாம் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

1. என்ன வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும்

உத்திக்கு ஒன்றாக எழுதி வைக்கக் கார்டுகள் வேண்டும். 22க்கு 28 அங்குல வெள்ளை சார்ட் அட்டை ஒன்றை 5.5க்கு 3.5 அங்குலமாக வெட்டினால் சரியாக 32 கார்டு வரும், துண்டு மிஞ்சாது. நான்கு அட்டை வாங்கினால் 128 கார்டு. தொடங்குபவருக்கு ஒரு வருடம் தாங்கும். வீட்டில் கத்தரியால் வெட்ட வேண்டாம். ஓரம் கோணலான கார்டுகள் பெட்டியில் ஒழுங்காக நிற்காது, புரட்டும்போது ஒன்றோடொன்று சிக்கும். பக்கத்து அச்சகத்தில் கொடுத்தால் கட்டிங் மெஷினில் ஒரே அழுத்தில் வெட்டித் தருவார்கள். வைத்துக்கொள்ள ஒரு செருப்புப் பெட்டி போதும். இதோடு ஒரு 200 பக்கக் கோடு போட்ட நோட்டு. படிக்கும்போதும் பார்க்கும்போதும் எழுதுவதெல்லாம் நோட்டில். கார்டுக்குப் போவது முடிவானது மட்டும்.

எக்செல்லில் செய்யக் கூடாதா என்றால் செய்யலாம். ஆனால் முதல் ஐம்பது உத்திகள் வரை கார்டுதான் நல்லது. மேசையில் பரப்பி இரண்டைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்தான் இரண்டும் ஒன்றா வேறா என்பது பிடிபடும்.

நேரக் கணக்கு இன்னும் முக்கியம். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றைக் குறிப்போடு முடிக்க ஆறேழு மணி நேரம் ஆகும், ஏனென்றால் இரண்டு முறை பார்க்க வேண்டும், நிறுத்தி நிறுத்தி எழுத வேண்டும். ஒரு உத்தி கண்ணில் பட்டதிலிருந்து அதன் கார்டு முடியும் வரை மூன்று நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி மற்ற சான்றுகளைத் தேடுவதிலேயே போகும்.

புத்தகங்களுக்கு மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள், முகவரிச் சான்றின் நகலைக் கையோடு எடுத்துப் போங்கள். பழைய இலக்கியங்கள் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் காசில்லாமல் கிடைக்கின்றன. பாக்கெட் நாவல்களைப் பழைய புத்தகக் கடையில் கட்டாக வாங்குவதே மலிவு. அட்டை கிழிந்திருந்தால் பரவாயில்லை, கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். துப்பறியும் கதையில் உத்தி முடிச்சவிழ்வது அங்கேதான்.

2. எந்தக் கதைகளை எடுத்துக்கொள்வது

முதல் சுற்றுக்குப் பன்னிரண்டு கதைகள் போதும். ஆனால் அவை ஒரே ஆளின் கதைகளாகவோ ஒரே வகையாகவோ இருக்கக் கூடாது. ஒரே எழுத்தாளரின் பத்து நாவலைப் படித்துவிட்டு எடுக்கும் பட்டியல் அவருடைய பழக்கங்களின் பட்டியலாகத்தான் இருக்கும். நான்கு படம், ஒரு சீரியலின் தொடர்ச்சியான இரண்டு வாரம், மூன்று நாவல், இரண்டு சிறுகதை, ஒரு கூத்து, வாய்மொழியாகக் கேட்ட ஒரு கதை. இப்படிக் கலந்தால் எது பொதுவானது, எது அந்த வடிவத்துக்கே உரியது என்பது தானாகப் பிரிந்து தெரியும்.

கூத்துக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. கோடையில் தொடங்கி ஆடி வரை கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும். போவதற்கு முன் குழுவின் வாத்தியாரிடம் பேசி, ஒலிப்பதிவுக்கு அனுமதி வாங்கிவிடுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு போனைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் நின்றால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். கூத்தில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ராஜா வேஷம் மேடைக்கு வந்ததும், கூத்தை நடத்திப் போகும் கோமாளி வேஷமான கட்டியங்காரன் "நீங்க யாரு, எந்த ஊரு" என்று கேட்பான், அவரும் தன் பெயர், குலம், பெருமை எல்லாம் சொல்வார். இன்றைய படங்களில் ஹீரோ வருவதற்கு முன் வில்லனின் ஆள் ஒருவன் "அவன் யார்னு தெரியுமா" என்று பில்டப் கொடுப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரே வேலை, வேறு வேறு ஆள் வாயில். கார்டு எழுதும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும்.

மலைக் கிராமங்களில் கதை கேட்கப் போகிறவர்கள் நாள் பார்த்துப் போங்கள். காபிப் பழம் பறிக்கும் காலமான கார்த்திகை முதல் தை வரை பகலில் ஆட்கள் எஸ்டேட்டில் இருப்பார்கள், மாலையில்தான் பேச முடியும். மே மாதம் கோடை விழாக் கூட்டம், பேருந்தில் இடம் கிடைப்பதே பாடு. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்றாலும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்க வேண்டும். கடைசிப் பேருந்து எப்போது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், கதை பாதியில் இருக்கும்போது எழுந்து ஓடுவது சொல்பவருக்கு மரியாதையாக இருக்காது. அவர் சொன்னபடியே எழுதுங்கள், பேச்சைத் திருத்த வேண்டாம். பெயரைக் கார்டில் போட வேண்டாம். ஊர், ஏறத்தாழ வயது, கேட்ட மாதம் போதும்.

3. குறிப்பு எடுப்பது

முதல் முறை பார்க்கும்போதோ படிக்கும்போதோ பேனாவைத் தொடாதீர்கள். கதை உங்களை எங்கே இழுத்தது, எங்கே "இது தெரிந்ததுதானே" என்று தோன்றியது என்பதை முடிந்த பிறகு ஐந்து வரியில் எழுதுங்கள். அந்த "தெரிந்ததுதானே" வந்த இடங்கள்தான் உங்கள் வேட்டைக்களம். இரண்டாம் முறை அந்த இடங்களுக்கு மட்டும் போய் விவரமாக எழுதுங்கள்.

இடத்தைக் குறிப்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். படத்துக்கு மணி, நிமிடம், நொடி எழுதினால் போதாது. இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் பாட்டை வெட்டியிருப்பார்கள், டிவியில் வந்தது இன்னும் குறுகியிருக்கும். எனவே நீங்கள் பார்த்த பிரதியின் மொத்த நீளத்தையும் எழுதுங்கள். நாவலுக்குப் பதிப்பு வருடமும் அத்தியாய எண்ணும், பக்க எண் அதற்குப் பிறகு. பதிப்பு மாறினால் பக்கம் மாறும், அத்தியாயம் மாறாது. சங்கப் பாடலுக்குப் பாடல் எண். சீரியலுக்கு எபிசோட் எண்ணும் ஒளிபரப்பான தேதியும் இரண்டுமே வேண்டும், ஏனென்றால் மறுஒளிபரப்பில் இரண்டை ஒன்றாக்கிவிடுவார்கள்.

4. ஒரு வாக்கியத்தில் உரித்தெடுப்பது

வேலையின் மையம் இதுதான். இது சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

கதையில் வரும் பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நான்கு கேள்விக்குப் பதிலாக ஒரே வாக்கியம் எழுதுங்கள்: யார், எந்த நிலையில், என்ன செய்கிறார், அதனால் கதையில் என்ன மாறுகிறது. நான்காவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது உத்தி இல்லை.

மழை ஒரு உத்தியா? இல்லை, அது வெறும் மழை. மழையில் ஒரே இடத்தில் ஒதுங்க நேர்ந்த இருவர், வெளியே போக முடியாததால் அதுவரை பேசாததைப் பேசி நெருங்குகிறார்கள் என்றால் அது உத்தி. காதல் தோல்வி உத்தியா? அது கதையின் பொருள், ஆயிரம் உத்திகள் அதற்குள் அடங்கும். பேய்க்கதை உத்தியா? அது வகை. புதிதாக வருகிறவர்கள் எழுதும் முதல் இருபது கார்டில் பாதி பொருளாகவோ வகையாகவோதான் இருக்கும். அவற்றைக் கிழித்துப் போட வேண்டாம், தனியாகக் கட்டி வையுங்கள், பின்னால் தலைப்பு அட்டையாகப் பயன்படும்.

அடுத்தது, மாறுவதையும் மாறாததையும் பிரிப்பது. சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகிய இடங்களில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களிடம் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் கதை வழங்குகிறது. எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். மூவரும் பிரிந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது மாறாது. அந்த மாறாத எலும்பைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இது அவர்களுக்குத் தங்கள் முன்னோர் வரலாறு. "தேய்ந்துபோன உத்தி" என்று சினிமாக் கதையோடு சேர்த்து அடுக்கினால் அடுத்த முறை உங்களிடம் யாரும் கதை சொல்ல மாட்டார்கள், சொல்லவும் வேண்டியதில்லை. வழிபாட்டோடும் குடிவரலாற்றோடும் சேர்ந்த கதைகளுக்குத் தனிப் பிரிவு வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்கியம் எழுதியதும் ஒரு சோதனை. அந்த நிகழ்வைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு மீதியைச் சொல்லிப் பாருங்கள். கதை அப்படியே நின்றால் நீங்கள் எடுத்தது அலங்காரம். குங்குமம் கொட்டுவது, சுவரில் மாட்டிய போட்டோ விழுந்து கண்ணாடி உடைவது எல்லாம் பல படங்களில் அலங்காரம்தான். வரப்போகும் கெடுதலைப் பார்ப்பவருக்கு மட்டும் சொல்கிறது, கதையை நகர்த்துவதில்லை. அதே கெட்ட சகுனத்தைப் பார்த்து ஒருத்தி பயணத்தை நிறுத்தினாள், அதனால் உயிர் தப்பினாள் என்றால் அது உத்தியாகிவிடும். அலங்காரத்தையும் பதிவு செய்யலாம், கார்டின் மூலையில் "அ" என்று போட்டுவிடுங்கள்.

5. மூன்று சான்று இல்லாமல் கார்டு கிடையாது

ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று கதைகளில் கிடைத்தால்தான் உத்தி என்று எழுத வேண்டும். இதில் "தொடர்பில்லாத" என்பதில்தான் வழுக்கும். ரீமேக் தனிச் சான்று ஆகாது. டப்பிங்கும் ஆகாது. ஒரே மூலக் கதையிலிருந்து வந்த இரண்டும் ஒன்றாகத்தான் கணக்கு.

உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் எடுத்த "உத்தம புத்திரன்" படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். அரண்மனையில் பிறந்த இரட்டையரில் ஒருவன் ஒளித்து வளர்க்கப்படுகிறான், பிறகு இடம் மாறுகிறார்கள். 1958இல் அதே பெயரில் சிவாஜி கணேசன் நடித்து வந்த படமும் இதே கதைதான். இரண்டுக்கும் பின்னால் இருப்பது இரும்பு முகமூடி மனிதனைப் பற்றிய பிரெஞ்சுக் கதை. இந்த மூன்றையும் எழுதிவிட்டு "மூன்று சான்று கிடைத்துவிட்டது" என்று மூடிவிடக் கூடாது. கணக்கில் ஒன்றுதான், இன்னும் இரண்டு வேண்டும்.

அதே நிறுவனத்தின் 1950ஆம் வருடப் படமான "மந்திரி குமாரி" இன்னும் நல்ல பாடம். கணவன் மனைவியைக் கொல்வதற்காக மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான், அவள் கடைசியாக ஒருமுறை அவனைச் சுற்றி வந்து கும்பிட அனுமதி கேட்டு, பின்னால் போனதும் தள்ளிவிடுகிறாள். இந்த நிகழ்வு குண்டலகேசிக் கதையில் உள்ளது. குண்டலகேசி முழு நூலாகக் கிடைக்கவில்லை, நீலகேசியின் உரை வழியாகத்தான் கதை தெரிய வருகிறது. படம் அங்கிருந்து எடுத்ததுதான் என்பதால் இங்கேயும் சான்று ஒன்று. ஆனால் கார்டில் "வேர்" என்று ஒரு வரி ஒதுக்கி இந்த உறவை எழுதி வையுங்கள். நாளைக்கு வேறொருவர் தேடும்போது பாதி வேலை மிச்சமாகும்.

சான்று தேடும் காலத்தில் ஒரு கண்கட்டு வித்தை நடக்கும். ஒரு உத்தியைக் கற்றுக்கொண்ட வாரத்தில் பார்ப்பதெல்லாம் அதுவாகவே தெரியும். சான்றாக எழுதியதை ஒரு வாரம் ஆறப்போட்டு, படி 4இன் வாக்கியத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கார்டில் ஏற்றுங்கள்.

6. ஏற்கெனவே பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது

புதுப் பெயர் வைப்பதற்கு முன் மூன்று இடத்தில் தேட வேண்டும்.

முதலில் நம் அகத்துறைகள். திரும்பத் திரும்ப வரும் கதைச் சூழல்களுக்குப் பெயர் வைத்து வகுத்ததில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் போல இன்னொன்றைப் பார்ப்பது கடினம். காதலை அறிந்த தாய் மகளை வீட்டுக்குள்ளேயே வைப்பது இற்செறிப்பு. இன்றைய சீரியலில் பெண்ணின் போனைப் பிடுங்கிக்கொண்டு, வேலைக்கும் அனுப்பாமல் மாடி அறையில் வைக்கிறார்களே, அதே வேலை, அதே விளைவு. சந்திக்க முடியாததால் காதலன் ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். காதல் விஷயம் தோழி வழியாகச் செவிலிக்கும், செவிலி வழியாக நற்றாய்க்கும், அங்கிருந்து தந்தைக்கும் தமையன்மாருக்கும் படிப்படியாகப் போவது அறத்தொடு நிற்றல். அத்தை வழியாக அம்மாவுக்கும், அம்மா வழியாக அப்பாவுக்கும் விஷயத்தைக் கொண்டுபோகும் காட்சியை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்! உடன்போக்கு (காதலனோடு ஊரைவிட்டுப் போவது), மடலேறுதல் (காதலன் பனைமடல் குதிரையேறிக் காதலை ஊரறியச் செய்வது), வரைவு கடாதல் (மணந்துகொள்ளச் சொல்லிக் காதலனை வற்புறுத்துவது) எல்லாம் இப்படியே பயன்படும். பெயர் பொருந்தினால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தாத இடத்தில் திணிக்காதீர்கள். பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஊரிலேயே இருப்பவர்களை உடன்போக்கில் சேர்க்க முடியாது.

இரண்டாவது, ஸ்டித் தாம்சனின் நாட்டுப்புறக் கதைக்கூறு அட்டவணை. திருத்திய பதிப்பு 1955 முதல் 1958 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஆங்கில எழுத்து வரிசையில் 23 பிரிவு, ஐ, ஓ, ஒய் மூன்றும் கிடையாது. 'எச்' பிரிவு சோதனைகளும் அடையாளம் காண்பதும்: மோதிரத்தால் ஆளை அடையாளம் காண்பது எச் 94, தழும்பால் காண்பது எச் 51. ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்திருக்கும் அரக்கன் இ 710. 'என்' பிரிவு தற்செயலும் விதியும், அதில் ஒட்டுக்கேட்ட ரகசியங்கள் தனியாக இருக்கின்றன. திருடர்கள் குகையைத் திறக்கச் சொல்லும் மந்திரத்தை மறைந்திருந்து கேட்பது என் 455.3. மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் வண்ணத்தில் எடுத்த அலிபாபா கதையின் ஆணிவேரே இதுதான். எண்ணைக் கார்டின் வலது மேல் மூலையில் எழுதுங்கள். இந்த அட்டவணையிடம் எதிர்பார்க்கக் கூடாததும் உண்டு: பிளாஷ்பேக், கதைக்குள் கதை சொல்லும் விதம், பொய் சொல்லும் கதைசொல்லி போன்ற சொல்முறை உத்திகளுக்கு இது அவ்வளவாக உதவாது.

மூன்றாவது, ரஷ்ய ஆய்வாளர் விளதிமிர் பிராப் 1928இல் வகுத்த, கதைமாந்தர் செய்யும் 31 செயல்கள். ரஷ்ய மாயக் கதைகளை வைத்துச் செய்தது. யார் செய்கிறார் என்பதை விட்டுவிட்டு என்ன செய்யப்படுகிறது என்பதைப் பார் என்ற அவருடைய முறையை எடுத்துக்கொள்ளுங்கள், 31ஐயும் குடும்பக் கதையின் மேல் கவிழ்க்க வேண்டாம்.

இந்தப் படிக்கு இரண்டு மாலை நேரம் போதும். அதற்கு மேல் தேடினால் தேடலே வேலையாகிவிடும்.

7. பெயர் வைப்பது

எங்கேயும் இல்லையென்றால் இப்போது வையுங்கள். இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. நடிகர் பெயர் வேண்டாம், படப் பெயர் வேண்டாம். பத்து வருடம் போனால் யாருக்கும் விளங்காது. திட்டும் பெயரும் வேண்டாம். "அரைவேக்காட்டு ட்விஸ்ட்" என்று பெயர் வைத்துவிட்டால் அதை அருமையாகப் பயன்படுத்திய கதையை எங்கே எழுதுவீர்கள்?

உள்ளூர்ப் பெருமை ஒரு கண்ணி. மலைச் சாலையில் பிரேக் பிடிக்காத வண்டி என்ற உத்திக்கு "இருபதாம் வளைவு" என்று பெயர் வைக்கச் சேலத்துக்காரர்களுக்குக் கை அரிக்கும். திருநெல்வேலியில் படிப்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. "மலைச்சாலை பிரேக்" என்றால் எல்லோருக்கும் புரியும். (தினமும் ஏற்காடு போய்வருகிற டிரைவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஏறும்போதுகூடப் பிரேக் போய்விடுகிறது சில படங்களில்.)

மக்கள் ஏற்கெனவே சொல்லும் பெயர் இருந்தால் அதை மாற்றாதீர்கள். பிரிந்த குடும்பம் சின்ன வயதில் பாடிய பாட்டால் ஒன்றுசேர்வதைக் "குடும்பப் பாட்டு" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். "இசைவழிக் குடும்ப மீளிணைவு" என்று நீங்கள் எழுதினால் ஆய்வேட்டில் மட்டும் வாழும். டபுள் ஆக்ட், பிளாஷ்பேக், மாஸ் என்ட்ரி எல்லாம் அப்படியே இருக்கலாம்.

வைத்த பெயரைச் சோதிக்க, கதை தெரியாத ஐந்து பேரிடம் பெயரை மட்டும் சொல்லி என்னவாக இருக்கும் என்று கேளுங்கள். மூன்று பேராவது கிட்டத்தட்டச் சொன்னால் வைத்துக்கொள்ளலாம். வீட்டு ஆட்களிடம் கேட்காதீர்கள், அவர்கள் உங்கள் வாயைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

8. ஒரு கார்டு முழுதாக

பயிற்சிக்காக ஒரு காட்சி. அம்மாபேட்டையில் ஒரு நெசவுக் குடும்பம். உள்ளே மாமனார் மகனிடம், "இனி அது வீட்டுல இருந்து என்ன பிரயோஜனம்? வர்ற விலைக்குத் தள்ளிவிட்டுடு, அவகிட்ட சொல்ல வேண்டாம், அழுவா" என்கிறார். அவர் சொல்வது ஓரமாகக் கிடக்கும் பழைய தறியை. அழுவாள் என்று அவர் நினைப்பது தன் மனைவியை, அது அவள் அப்பா கொடுத்த தறி. கதவுக்கு வெளியே மருமகள். பீரோவில் அவளுடைய ஆரம் இருக்கிறது. அன்று சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள்.

பெயர்: பாதிக் காது.

வாக்கியம்: ஒருவர் தற்செயலாகப் பேச்சின் ஒரு பகுதியை மட்டும் கேட்டு, தவறான முடிவுக்கு வந்து, கேட்டு உறுதி செய்யாமலே அதன்படி நடக்கிறார்.

நிபந்தனை: கேட்பது தற்செயலாக இருக்க வேண்டும். பேசுபவர் பொருளின் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்க வேண்டும். கேட்டவர் உடனே உள்ளே போய்க் கேட்க முடியாததற்கு ஒரு காரணம் வேண்டும். இங்கே "அவகிட்ட சொல்ல வேண்டாம்" என்ற வார்த்தையே அந்தக் காரணம்.

வேலை: கெட்டவர் ஒருவரும் இல்லாமலே சண்டையைக் கிளப்புகிறது, உண்மை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறது.

பார்ப்பவர் நிலை: முழுப் பேச்சும் அவருக்குத் தெரிந்தால் பதைப்பு. அவருக்கும் பாதிதான் தெரியும் என்றால் பின்னால் ட்விஸ்ட். இரண்டையும் தனித்தனியாகக் குறிக்கவும்.

உறவு: முழுக் காது, அதாவது ரகசியத்தைச் சரியாகவே ஒட்டுக்கேட்டுப் பலன் பெறுவது (என் 455.3). குடத்தில் நீர் நிரம்பும் ஓசையை யானை என்று எண்ணித் தயரதன் அம்பு விட்டது பக்கத்து உறவு. அங்கே பேச்சு இல்லை, ஓசை.

அல்லாதது: ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவில் காசியோ வேறொரு பெண்ணைப் பற்றிச் சிரித்துப் பேசுவதைத் தன் மனைவியைப் பற்றியது என்று ஒதெல்லோ மறைந்து நின்று நினைத்துக்கொள்வது. அதை இயாகோ திட்டமிட்டு நடத்துகிறான். தற்செயல் இல்லாததால் இதில் சேராது, "பொய்க் காட்சி" என்று தனிக் கார்டு போட வேண்டும்.

காரணம்: தமிழ்ப் பேச்சில் எழுவாயையும் செயப்படுபொருளையும் விட்டுவிட்டே முழு வாக்கியம் பேசலாம், அதனால் இந்த உத்தி நம் வசனத்தில் உறுத்தாமல் உட்காரும். சீரியலில் பெருகுவதற்குத் தயாரிப்புக் காரணமும் உண்டு: ஒரு ஹால், ஒரு மாடிப்படி, இரண்டு தூண் இருக்கும் ஒரே செட்டில் புது ஆளோ புது இடமோ இல்லாமல் ஒரு வாரக் கதையை இது ஓட்டிவிடும்.

இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் காலியாக விடுகிறார்கள். விடாதீர்கள். டபுள் ஆக்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் கேமராவை அசையாமல் நிறுத்தி, லென்ஸில் பாதியை மறைத்து ஒருமுறையும், பிலிமைப் பின்னால் சுற்றி மறுபாதியை மறைத்து இன்னொரு முறையும் எடுப்பார்கள். அதனால்தான் அந்தக் காலத்து இரட்டையர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று பேசினார்கள், நடுக்கோட்டைத் தாண்டவில்லை. கட்டிப்பிடிக்க வேண்டியிருந்தால் ஒருவரின் முதுகுதான் தெரியும். உத்தியின் வடிவத்தைத் தொழில்நுட்பமே தீர்மானித்த இடம் அது. இதைக் குறிக்காமல் விட்டால் இயக்குநரின் ரசனை என்று தவறாக எழுதிவிடுவீர்கள்.

9. வகைக்குறி, பிரிப்பது, சேர்ப்பது

ஒவ்வொரு சான்றின் பக்கத்திலும் ஓர் எழுத்து: உத்தி அப்படியே வந்தால் "நே", எதிர்பார்க்க வைத்துக் கவிழ்த்தால் "க", கேலியாக வந்தால் "கே", பாத்திரங்கள் வாயால் பேசிவிட்டு நடக்காமல் போனால் "பே". மருமகள் பாதியைக் கேட்டுவிட்டு நேரே உள்ளே போய், "எதை விக்கிறீங்க மாமா?" என்று கேட்டுவிட்டால் அது "க". ஒரு உத்திக்கு "கே" அதிகமாகச் சேரத் தொடங்கினால் அது தேய்ந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம், அதற்கு முன்னால் சொல்ல வேண்டாம்.

முப்பது கார்டு சேர்ந்ததும் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். இரண்டு கார்டின் "வேலை" வரி ஒன்றாகவும் நிபந்தனை மட்டும் வேறாகவும் இருந்தால் சேர்த்துவிடலாம். நிபந்தனை ஒன்றாக இருந்து வேலை வேறானால் பிரிக்க வேண்டும். கடிதம் தவறான கைக்குப் போவதும், வாட்ஸ்அப் செய்தி தவறான குரூப்பில் விழுவதும் பெரும்பாலும் ஒரே கார்டு, பொருள்தான் மாறியிருக்கிறது. ஆனால் குரூப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டதால் மறைக்கவே முடியாமல் போகிறது என்று கதை அதை வைத்து நகர்ந்தால் தனிக் கார்டு போடுங்கள்.

பட்டியலை அச்சில் கொண்டுவருவதாக இருந்தால் இரண்டு வேலை பாக்கி. கதையின் முடிவைச் சொல்லிவிடும் சான்றுகளுக்கு எதிரே ஒரு புள்ளி வைத்து, முன்னுரையில் அதன் பொருளைச் சொல்லுங்கள். துப்பறியும் கதை வாசகர்கள் மன்னிக்கவே மாட்டார்கள். வசனத்தையோ பத்தியையோ எடுத்துப் போடும்போது, எழுத்தாளர் இறந்து 60 வருடம் ஆகாதவரை பதிப்புரிமை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். நாட்டுடைமையான நூல்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவற்றில் உங்கள் சொல்லில் நான்கு வரியில் சுருக்கி எழுதினால் போதும், உத்தியைக் காட்ட அதுவே வசதி.

சேர்த்த கார்டுகளின் பழைய பெயர்களைக் கிழித்துவிட வேண்டாம். "இதைப் பார்க்க" என்று ஒரு வரி எழுதி அகர வரிசையில் அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள், அந்தப் பெயரைப் பழகியவர் அங்கேதான் தேடுவார்.